ஹாஃப் கிளட்ச் லிஃப்ட் தருவதில்லை

இருநூறு கிலோ மோட்டார் சைக்கிளை நடைப்பயிற்சிக்குப் பயன்படுத்தும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆரணியில் இருக்கிறார். வேறெங்கோ இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஊர் அவரை 'ஹாஃப் கிளட்ச்' என்றுதான் அழைக்கும். வண்டியோ, மலைப்பாதைகளில் மாதக்கணக்கில் சுற்றுவதற்கென்றே செய்த பழைய டூரிங் வண்டி. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. அதை அவர் ஓட்டியதெல்லாம் நடந்துபோகிறவர்களுக்குப் பக்கத்தில். கிளட்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, முதல் கியரில் நம் நடைக்கு ஈடாக உறுமிக்கொண்டு வருவார். வாய் ஓயாது. வண்டிகளைத் துரத்துவதே தொழிலாக இருந்த கோட்டை மைதானத்து நாய் ஒருநாள் அவரை நாலே எட்டில் பிடித்துவிட்டது. பிடித்தபிறகு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்சதூரம் கூடவே நடந்து, அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

மழை வந்தால் பெட்டியிலிருந்து குடை எடுத்து நம் கையில் கொடுப்பார். அவர் நனைந்தபடியே பேசுவார். இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே!

பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் வரைவது அவர் தொழில். ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர். டிசைன் வாட்ஸ்அப்பில் போகும். 'ஓகே' என்று வாட்ஸ்அப்பிலேயே பதில் வரும். பகல் முழுக்க அந்த அறையில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

நான் பெரணமல்லூர் பக்கத்திலிருந்து வந்து ஆரணியில் தனியாக அறை எடுத்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் ஷூ போட்டு வேலைக்குப் போன முதல் ஆள். அந்த ஷூவின் கௌரவத்தைக் காப்பாற்ற நேராகப் பார்த்து நடப்பேன். பக்கத்தில் உறுமல் கேட்கும்.

"நேத்து கத்தரிக்கா வாங்கினு போனீங்களே சார், என்னா பண்ணீங்க?"

"கொழம்பு."

"உப்பு?"

"கொஞ்சம் தூக்கல்."

"அப்ப மோர ஊத்திக்கினு சாப்புட்ருக்கணும்!"

இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்துவதால் என் குழம்பின் உப்பு பஜாருக்கே தெரிந்துபோகும். சந்து மாறிப் பார்த்தேன். சந்தின் மறுமுனையில் நின்றார். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஒண்ணு வண்டில ஏத்திக்கினு போங்க சார். இல்லன்னா நீங்க போய்க்கினே இருங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஏத்துனா மூணு நிமிஷத்துல உங்க ஆபீஸ் வந்துடும் சார். எறங்கிப் போய்டுவீங்க."

ஷூவைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் பஜார் நடுவில் வண்டி அலறியது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. கருகல் நாற்றம். இருவருமாகத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் பாயிடம் போனோம். பாய் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். தீய்ந்த அப்பளம் போல இருந்தன.

"இன்னா சார் இது? லடாக் போய்வந்த வண்டிகூட இப்டி தேயல. மீட்டரப் பாத்தா நீங்க பக்கத்துல இருக்குற சேத்துப்பட்டே தாண்டல!"

"மாத்திடலாம் இல்ல பாய்?"

"மாடலே நின்னுபோச்சு. மெட்ராஸ்ல ஒரே ஒரு செட்டு கீதாம். அதயும் தேச்சீங்கன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும். இனிமே ஆளுங்க பக்கத்துல உருட்டிக்கினு போற பேஜாரே வேணாம். ஏறுனீங்களா, ஜல்தியா போனீங்களான்னு இருக்கணும்."

அவர் முகம் செத்துப்போனது. வெளியே வந்ததும் கேட்டேன்: "நீங்களும் நடந்தே வரலாமே சார்?"

"நடந்து கூட வந்தா, இவன் எதுக்கு வர்றான்னு தோணும் சார். வண்டில வந்தா, போற வழின்னு நெனச்சுக்குவாங்க."

பிளேட் வரப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் என் நடை கம்பீரமாக இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என்ன சமைத்தேன், சமைத்தேனா, சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. ஒருநாள் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்ததும் யாருக்கும் தெரியாது.

பாய் புதுப் பிளேட்டுகளை ஒரு ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறுகாய் போல ஊறவைத்து, ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டு மாட்டினார். "சேத்துப்பட்டு ரோட்டுல ஓட்டிப் பாருங்க. கிளட்ச் மேல கை சும்மா இருக்கக்கூடாது," என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை. முதல்முறையாக அவர் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது கியரைப் போடுமுன் அவர் குனிந்து கியர் லிவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் காற்று. அவர் ஏதோ சொன்னார்.

"என்னா சார்?"

"என்னா கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல, நீங்க என்னா சொன்னீங்க?"

"கேக்கலீங்க!"

பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மைல்கல்கள் பின்னால் போயின. வண்டி அருமையாக ஓடியது. அவர் முதுகைப் பார்த்தபடி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது எனக்கு என்னவோபோல இருந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நல்லா போவுது சார்," என்றார், யாரோ இறந்துபோன சேதி சொல்வதைப்போல.

நான் இறங்கினேன். நியூட்ரலில் போடச் சொன்னேன். பின்னால் போய் கேரியரைப் பிடித்தேன்.

"நீங்களும் எறங்குங்க சார். தள்ளிகினே போவலாம். இதுல கிளட்ச் தேயாது."

நம்பாமல் பார்த்தார். பிறகு இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்தார். பத்தடி போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாய் திறந்துவிட்டது. பத்து நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசினார்.

எதிரே பால்கேன்களோடு மொபெட்டில் வந்தவர் பரிதாபப்பட்டு நிறுத்தினார். "என்னாங்க, பெட்ரோல் தீந்துபோச்சா?"

ஹாஃப் கிளட்ச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் நிமிர்ந்து, பஜாருக்கே கேட்கும்படியான குரலில் சொன்னேன்:

"இல்லீங்க. பேசிகினு போறோம்."