அருணாசலம் படித்த இங்கிலீசு

அருணாசலம் ஒரு பொய் சொன்னால், அது வாயை விட்டு இறங்கும் முன்பே அம்சவேணிக்குத் தெரிந்துவிடும். குசுகுசுத்தால் தெரியும். சாடையில் பேசினால் இன்னும் நன்றாகத் தெரியும். பேசாமலே இருந்தாலோ, அய்யோ பாவம், முழுசும் தெரிந்துவிடும். கட்டின நாளாய் இதே கதை. ஆகவே மனுசன் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்டாட்டிக்குப் புரியாத பாஷை ஒன்றைக் கற்றே தீருவது.

வெறும் இங்கிலீசு போதாது. பஸ்சு, ரோடு, ஆபீசு என்று கொல்லிமலையில் எல்லோருக்கும் பாதி தெரியும். இங்கிலீசு மரபுத்தொடர்தான் சரி. சொல் ஒன்று, பொருள் வேறு. குடும்பஸ்தனுக்கு இதைவிட உபயோகமான பாஷை உண்டா? தினம் காலையில் செல்போனில் வீடியோவைப் போட்டு, வாசலில் பல் விளக்கிக்கொண்டே உரக்கப் படித்தார்.

"பீஸ் ஆஃப் கேக்னா, சுளுவான வேலை. அண்டர் தி வெதர்னா, ஒடம்பு சரியில்லை."

கட்டியிருந்த மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. சேந்தமங்கலத்துச் சிநேகிதர் மாணிக்கத்துக்கும் அதே வீடியோவை அனுப்பிவைத்தார்.

படிப்புக்கு வேலையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் வீட்டில் கிடா விருந்து. கறி என்றால் அருணாசலத்துக்கு உயிர். அன்றைக்கென்று பார்த்து மிளகு பறிப்பு. ஏணி ஏற நீங்கதான் என்று அம்சவேணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு, அவள் காட்டுக்குப் போனதும் பஸ் ஏறிவிடுவதாகத் திட்டம். அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க, எதிரிலேயே போனைப் போட்டார். ஸ்பீக்கரில் வேறு.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நான் அண்டர் தி வெதர்."

"பீஸ் ஆஃப் கேக், மாப்ள."

என்ன பேச்சு என்று அம்சவேணி கேட்டாள். மழை வருமா என்று விசாரித்ததாகவும், மாணிக்கம் கேக் தின்றுகொண்டிருப்பதாகவும் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுக் கிழங்கை உரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகினார். அம்சவேணி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மிளகு கிடக்கட்டும், நாளைக்குப் பறிக்கலாம் என்றாள். நிலவேம்புக் கஷாயமும் உப்பில்லாத சாமைக் கஞ்சியும் வந்தன. கறியை நினைத்துக்கொண்டு இரண்டையும் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாணிக்கண்ணன் ஊட்டுல என்னையும் கூப்புட்டிருக்காங்க. ரெண்டு பேருமே போவலீன்னா நல்லாவா இருக்கும்? நான் போயிட்டு வாரேன்."

"இப்பத் தேவலாம் புள்ள. நானும் வாரேன்."

"ஆகாதுங்க சாமி. அண்டர் தி வெதர்ல இருக்கறவங்களுக்குக் கறி சேராது."

அருணாசலம் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டார். வாசலில் படித்த பாடம் மாட்டுக்கு மட்டுமா கேட்டிருக்கும்? ஆனாலும் ஆசை வெட்கம் அறியுமா?

"ரெண்டு பீஸாவது கொண்டா, புள்ள."

"பீஸ்தானுங்களே? மறக்காமக் கொண்டாரேன்."

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தார். மத்தியானமும் அதே கஞ்சி. பொழுது சாய அம்சவேணி திரும்பினாள். சேலையெல்லாம் கறிக்குழம்பு வாசம். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். நாக்கில் எச்சில் ஊற, அவசரமாகப் பிரித்தார்.

உள்ளே பேக்கரி கேக். ஒரே ஒரு துண்டு.

"நீங்க கேட்ட பீஸ் ஆஃப் கேக்குங்க," என்றாள் அம்சவேணி. "தின்னுங்க, சுளுவா எறங்கும்."