நாலாவது பாக்கெட்

இந்த வீட்டில் ஒரு வேலையையாவது தொடங்கிய கையோடு முடித்துக் காட்டுவது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் முடிவெடுத்தேன். முடிவெடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். அதுவும் மச்சான் முன்னால்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டுக்கு வந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்க மாட்டார். நேராகச் சமையலறைக் குழாயைப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒழுகுதா மாப்பிள்ளை?" என்று கேட்பார். ஒழுகும். ஒன்றரை வருஷமாக நான் அதை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பேச்சு எங்கள் பிக்கப் வண்டியைப் பற்றி வந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த வண்டி. என் மனைவி தையல்காரி. வீட்டின் முன் அறையில் தைத்து, அந்த வண்டியில்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். பத்து நாளாக வண்டி நின்ற இடத்தில் உறுமியது. உள்ளே எங்கோ உஸ்ஸென்று காற்றுப் போனது. மேடு ஏறச் சொன்னால் மூச்சு வாங்கியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்டேக் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருக்கு, மாத்தணும்" என்றார். இஞ்சினுக்குக் காற்றைப் பங்கு போட்டு அனுப்புகிற குழாய் அது. நாலு சிலிண்டருக்கு நாலு கிளை.

"இதுக்குப் போய் மெக்கானிக்கா? வீட்ல ஆம்பளை இல்லையா?" என்றார் மச்சான், தங்கையைப் பார்த்து. என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"நானே மாத்துவேன்," என்றேன்.

"வெள்ளிக்கிழமை காலைல ஆஸ்பத்திரி ஆர்டர் போகணுங்க," என்றாள் மனைவி. "ஊழியர்களுக்கு அறுபது சட்டை. முதல் தடவையா நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க. நேரத்துக்குப் போனாத்தான் அடுத்த ஆர்டர்."

"வியாழக்கிழமை வண்டி ரெடி."

"மெக்கானிக் ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்னாரே."

"மெக்கானிக்குக்கு ரெண்டு கை. எனக்கு எத்தனை?"

"கை ரெண்டுதான் மாப்பிள்ளை. வாய்தான் கொஞ்சம் கூட," என்றார் மச்சான்.

மனைவி சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினாள். பிறகு, "சரி" என்றாள். பதினாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். அவள் "வேண்டாம்" என்றால் பயமில்லை. "சரி" என்றால்தான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

புது மேனிஃபோல்டும், காற்றுக் கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டு புதன்கிழமை லீவு போட்டேன். ஆபீசில் எனக்குக் கோப்புகளுக்கு நம்பர் போடுகிற வேலை. பதினெட்டு வருஷமாக ஒரு நம்பர் தவறியதில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றினேன். ஹோஸ்களை ஒவ்வொன்றாக உருவி, மனைவியின் தையல் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டேன். பதினொன்று வந்தது. அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்ட்டு. அதற்காக இஞ்சின் மேலேயே குப்புறப் படுத்து ஒன்றரை மணி நேரம் போராடினேன். கடைசியில் பழைய மேனிஃபோல்டு கையோடு வந்தது. அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் புல்தரையில் வைத்தேன். இஞ்சினில் நாலு ஓட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அந்த ஓட்டைகளில் தூசியோ நட்டோ விழுந்தால் இஞ்சின் காலி, சுத்தமான துணியால் அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று நான் பார்த்துப் படித்த யூடியூப் வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மனைவியின் தையல் அறைக்குப் போனேன். அவள் சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போட, காஜா எடுக்கிற கடைக்குப் போயிருந்தாள். மேஜை ஓரத்தில் ஆகாய நீலத்தில் வெட்டுத்துணி ஒரு கட்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் கூம்பு. ஓரமெல்லாம் மடித்து இஸ்திரி போட்டிருந்தது. கழிவுத் துணிக்குக்கூட இஸ்திரி போடுகிறாளே என்று அவள் சுத்தத்தை மெச்சிக்கொண்டே நாலு எடுத்துவந்தேன்.

கூம்பு முனை ஓட்டைக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் உட்கார்ந்தது. பழைய கேஸ்கட் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் துடைத்தேன். புதுக் கேஸ்கட்டை எடுத்தேன். துணிகளை உருவ ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

போன் அடித்தது. மச்சான்.

"என்ன மாப்பிள்ளை, மெக்கானிக் வந்தாச்சா?"

"மெக்கானிக் எதுக்கு? முக்கால்வாசி முடிஞ்சுது."

"நிஜமாவா?"

அந்த "நிஜமாவா"வில் இருந்த ஆச்சரியம் எனக்குப் பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்த ஆச்சரியம். அதை விட மனசு வரவில்லை. எந்த போல்ட்டு எங்கே இருந்தது, நான் எப்படிப் படுத்தேன், எந்தப் பக்கம் புரண்டேன் என்று இருபது நிமிஷம் விளக்கினேன். போனை வைத்ததும் அதே ஜோரில் புது மேனிஃபோல்டைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக போல்ட்டை முறுக்கி முடித்தேன்.

அப்போதே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கலாம். மனைவி எதிரில் நிற்கும்போது செய்தால்தானே பெருமை. மறுநாள் காலைக்கு வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றாள். சாவியைத் திருகினேன். வண்டி எடுத்தது. எடுத்து, குளிர்காய்ச்சல் வந்த மாதிரி தலையிலிருந்து கால்வரை உதறியது.

"என்னங்க இது?"

"புது பார்ட். கொஞ்சம் பழகணும்."

"எப்பப் பழகும்?"

"சாயந்திரத்துக்குள்ள."

"சரி," என்றாள். உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, பாக்கெட் நாலு குறையுது. பாத்தீங்களா?"

"எந்த பாக்கெட்?"

"சட்டைக்கு வெச்சுத் தைக்கிற பாக்கெட். அறுபது வெட்டி, ஓரம் மடிச்சு, இஸ்திரி போட்டு வெச்சேன். அம்பத்தாறுதான் இருக்கு."

டூல்ஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அதன் மேல் கறுத்துப்போன துணி மூன்று கிடந்தது. மூன்றுதான். நாலாவது எங்கே இருக்கிறது என்று வண்டியே உதறிக்கொண்டு சொன்னது. பதினெட்டு வருஷம் நம்பர் போட்டவனுக்கு நாலு வரை எண்ணத் தெரியவில்லை.

"நான் பாக்கலையே," என்றேன்.

"மேஜை ஓரத்துலதான் வெச்சேன். நீங்க அந்தப் பக்கம் வந்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப நான்தான் எண்ணாம வெட்டிட்டேன் போல," என்றாள். "மிச்சத் துணியும் இல்ல. சின்னத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத்தான் நாலு தேத்தணும். என் தப்புத்தான்."

இந்த இடத்தில் ஒரு மனிதனாக இருந்தால் வாயைத் திறந்திருப்பான். மச்சானிடம் இருபது நிமிஷம் திறந்த வாய் அது. இப்போது பூட்டிக்கொண்டது. தப்பை அவள் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறாள், நான் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது.

மூன்று பாக்கெட்டையும் சமையலறைக் குப்பைக் கூடையில், காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்தேன். கொஞ்ச நேரத்தில் மனைவி பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஊசி தீந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வரேன். ரெண்டு மணி நேரம் ஆகும்."

ஊசி வாங்க எதற்கு இரண்டு மணி நேரம் என்று கேட்கத் தோன்றவில்லை. தெருமுனையை அவள் தாண்டியதும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஐந்தாவது நிமிஷம் வந்து நின்றார்.

"அதுக்குள்ளயா?"

"பக்கத்துலதான் இருந்தேன் சார்."

வண்டியை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. நான் நாள் முழுக்கச் செய்ததை முக்கால் மணி நேரத்தில் கழற்றினார். இடுக்கியை நேராக நாலாவது ஓட்டைக்குள் விட்டு, எண்ணெயில் ஊறி முனை கிழிந்த ஒரு நீலத் துணியை வெளியே இழுத்தார்.

"இது என்ன சார்?"

"துணி."

"பாக்கெட் மாதிரி இருக்கே."

"நீங்க வந்தது வீட்ல தெரிய வேண்டாம்."

"நான் எதுக்கு சார் சொல்றேன்?"

"அதக் குடுங்க. தூக்கிப் போட்டுடறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நானே பாத்துக்கறேன்," என்று தன் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

மனைவி வரும்போது வண்டி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீங்களேவா சரி பண்ணீங்க?"

"நானேதான்."

"யாரும் உதவிக்கு வரல?"

"யாரு வருவா?"

"சரி," என்றாள். "ஞாயித்துக்கிழமை அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடறேன். அவரும் கேக்கட்டும்."

அன்று மத்தியானம் முழுக்க அவள் துண்டுத் துணிகளை வைத்து ஒட்டுத் தெரியாமல் நாலு பாக்கெட் தைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அந்தச் சின்னத் துண்டுகளை அவள் விரலால் நீவி நீவிப் பொருத்தியதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அறுபது சட்டையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆர்டரும் அங்கேயே கிடைத்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். குழாயைப் பார்க்கவில்லை. நேராக வண்டியைப் பார்த்தார், ஓட்டினார், திரும்பி வந்து என் தோளில் தட்டினார்.

"உங்களத் தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. எப்படிப் பண்ணீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். கரண்டியை ஸ்பேனராக வைத்துச் செய்தே காட்டினேன். போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"உங்களுக்கு ஒரு புதுச் சட்டை தெச்சிருக்கேன். அண்ணன் இருக்கும்போதே போட்டுக்குங்க."

வெள்ளைச் சட்டை. இடது பக்கம் ஒரே ஒரு பாக்கெட். ஆகாய நீலம். நாலு தடவை துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை. முனையில் கிழிசலை அழகாக இழை ஓட்டியிருந்தாள்.

"இது எப்படி உங்கிட்ட..."

"மெக்கானிக் குடுத்தாரு. நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே நான் பண்ணிட்டேன்."

"எப்ப?"

"குப்பைக் கூடையில மூணு கிடைச்சப்ப. ஓட்டை நாலு, துணி மூணு. எனக்கு எண்ணத் தெரியும்."

"ஊசி?"

"டப்பா நிறைய இருக்கு. நான் பார்க்ல உக்காந்திருந்தேன். நீங்க நிம்மதியா கூப்பிடட்டும்னுதான்." பட்டனைப் போட்டுவிட்டாள். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நீங்களா சொல்லுவீங்கன்னு எத்தனை தடவை கேட்டுப் பாத்தேன்."

வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சட்டையோடு, கறையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. முழு மரியாதையோடு என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளை, என் வண்டியும் ரெண்டு நாளா உஸ்ஸுங்குது. நீங்கதான் வந்து மாத்தித் தரணும்."

நான் வாயைத் திறப்பதற்குள், பரிமாறிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்:

"கூட்டிட்டுப் போங்கண்ணா. இன்னும் மூணு பாக்கெட் துவைச்சு வெச்சிருக்கேன்."