கேக்கில் எழுதிய பெயர்

எல்லா நடைமுறையும் தெரிந்த மனிதன் அலுவலகத்துக்குச் சொத்து; குடும்ப விழாவுக்கு ஆபத்து. அவனைக் கதிரை அடுக்கச் சொல்லலாம், வாசலில் நின்று வரவேற்கச் சொல்லலாம். மைக்கை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

நான் தென் லண்டனில் ஒரு கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குப்பை எடுக்காவிட்டால் எந்தப் படிவம், பக்கத்து வீட்டு மரம் சாய்ந்தால் எந்தப் படிவம் என்று நித்திரையிலும் சொல்வேன். (கேட்காமலேயே சொல்வேன் என்பது வீட்டாரின் முறைப்பாடு.) மகள் நிரோஷா கரெத் என்ற வெல்ஷ்காரப் பையனைக் கலியாணம் செய்யப் போவதாகச் சொன்னபோதுகூட நான் குறுக்கே நிற்கவில்லை. பதிவுக்கு எத்தனை நாள் முன்பு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டினேன்.

பேத்தி பிறந்தாள். ரோகிணி நட்சத்திரம். ‘வி’யில் தொடங்கும் பெயர் நல்லது என்று ஐயர் தொலைபேசியில் சொன்னார். ஆனால் மகள் வேறொன்று வைத்திருந்தாள்.

“மெரேரிட், அப்பா. வெல்ஷ் பேர்.”

“வியிலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

“கருத்துத் தெரிஞ்சால் இப்பிடிக் கேக்கமாட்டீங்கள். முப்பத்தொண்டு அண்டைக்குச் சபையிலை சொல்லுறம். நீங்கள் மைக்கிலை பேரை மட்டும் சொல்லுங்கோ. கருத்தைக் கரெத் சொல்லுவார்.”

முப்பத்தொண்டு என்றால் பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்து, சொந்தபந்தத்தைக் கூட்டிப் பிள்ளைக்குப் பேர் சொல்லும் முப்பத்தோராம் நாள். அதுவரை பொறுத்திருக்கலாம். நான் ஆய்வில் இறங்கினேன். வெல்ஷ் பெயர்களுக்கென்றே ஓர் இணையப் பக்கம் இருந்தது. பிரின் என்றால் குன்று, டிலன் என்றால் கடல், எய்ரா என்றால் பனி, கிளின் என்றால் பள்ளத்தாக்கு. இவர்கள் பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்களா, வானிலை அறிக்கை வாசிக்கிறார்களா என்று நினைத்தேன். அகரவரிசைப்படி போன பட்டியலில் ‘எம்’ எழுத்து வருமுன்பே மடிக்கணினியை மூடினேன். கொஞ்சம் பார்த்து மிச்சத்தைத் தீர்மானிப்பதற்கு அலுவலகத்தில் மாதிரி ஆய்வு என்று பெயர். முப்பது வருடம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, பிள்ளையள் ஆசையா ஒரு பேர் வைச்சிருக்குதுகள். அதுக்குள்ள போகாதேங்கோ.”

“இஞ்சாரும், உமக்கு நடைமுறை விளங்காது” என்றேன்.

கேக் என் பொறுப்பு. ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் சொல்லி, இளஞ்சிவப்புக் கிரீமில் ‘விதுஷா’ என்று எழுதுவித்தேன். சபை ஒரு தடவை ஏற்றுக்கொண்டால் மகளால் மறுக்க முடியாது என்பது என் கணக்கு.

நோர்பரியில் மண்டபம். ‘திரு. திருமதி சிவபாதம் அழைக்கிறார்கள்’ என்று அட்டை அடித்து எல்லோரையும் கூப்பிட்டிருந்தோம். வேல்ஸிலிருந்து கரெத்தின் தாய் பட்டுச்சேலை கட்டி வந்து, நடக்கப் பயந்து ஒரே கதிரையில் இருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். பிறப்பைப் பதிய இன்னும் கிட்டத்தட்ட இரண்டு கிழமை அவகாசம் இருக்கிறது என்றேன். பதிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள் பேரை மாற்றலாம் என்றேன். “ஆகவே மெரேரிட் என்ற பேர் வேண்டாம். அதற்கு நட்சத்திரப் பொருத்தமும் இல்லை, நமக்குத் தெரிந்த கருத்தும் இல்லை. பிள்ளையின் பேர் விதுஷா” என்று சொல்லிக் கேக் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

யாரும் கைதட்டவில்லை. மகள் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்துப் பேச வேண்டியவர் கரெத். பாவம், இரண்டே இரண்டு தமிழ் வசனங்களைக் கிழமைக்கணக்காகப் பாடமாக்கியிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பாடமாக்கியதை அப்படியே சொன்னார்.

“வணக்கம். மெரேரிட் எண்டால் முத்து. இது எங்கட மாமியின்ரை பேர்.”

“எந்த மாமி?” என்று பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை கேட்டது.

என் ஒன்றுவிட்ட அண்ணர் சிவகுருதான் பதில் சொன்னார். “வேறை ஆர்? சிவபாதத்தின்ரை மனுசி, முத்துராணி. டேய் சிவபாதம், உனக்கும் மறந்து போச்சோ?”

மறக்கவில்லை. வாயில் வந்து பல வருடமாகியிருந்தது. எனக்கு அவள் ‘இஞ்சாரும்’. அட்டைகளில் ‘திருமதி சிவபாதம்’. நிரோஷா பிறந்த பிறகு எல்லோருக்கும் ‘நிரோவின்ரை அம்மா’. அந்தப் பேரைத்தான் மகள் பிள்ளை வழியாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். ஒரு மண்டபம் நிறையச் சனம் என் மனைவியின் பேரைக் கேட்டது அன்றுதான். அதுவும் நான் அதை வேண்டாம் என்று மைக்கில் சொன்ன பிறகு.

அவள் எழுந்து வந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். ஒரு கணம் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.

“கேக்கை வெட்டுவம். பிள்ளையள் பசியோட நிக்குதுகள்.”

விதுஷாவின் நடுவால் கத்தி இறங்கியது. எனக்கு வந்த துண்டில் எழுத்தே இருக்கவில்லை.

காரில் மன்னிப்புக் கேட்டேன். பின் இருக்கையிலிருந்த மகளிடம், “அதே பேரை வையுங்கோ” என்றேன். மனைவிதான் மறித்தாள்.

“சபையிலை வேண்டாம் எண்டு சொன்ன பேர் பிள்ளைக்கு வேண்டாம். எனக்கு மனம் கேளாது, நிரோ. வேறை வையுங்கோ.”

மகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். பிறகு அந்த ஒரு வருட விதியைச் சொல்லி நானும் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அதற்கு மேன்முறையீடு இல்லை.

பிள்ளையை ‘செரென்’ என்று பதிந்தார்கள். இந்தத் தடவை கருத்தைக் கேட்டேன்.

“நட்சத்திரம்” என்றாள் மகள். “நீங்கள் ஒரு எழுத்துத்தானே கேட்டீங்கள், அப்பா. முழுசாத் தந்திருக்கிறம்.”

செரெனுக்கு இப்போது ஆறு வயது. வீட்டுக்குக் கேக் வந்தால், “அம்மப்பா, என்ன பேர் எழுதினீங்கள்?” என்று கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் மெழுகுதிரி கொளுத்த விடுவாள். நான் தனியாக இருக்கும்போது ‘முத்துராணி’ என்று சொல்லிப் பழகுகிறேன். நன்றாகவே வருகிறது. ஆனால் அவள் சமைக்கும் குசினிப் பக்கம் திரும்பினால் வாய் ‘இஞ்சாரும்’ என்கிறது.

போன கிழமையும் அப்படித்தான் கூப்பிட்டேன். செரென் வரைந்துகொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அம்மப்பா, அம்மம்மாவுக்குப் பேர் இருக்கு.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“விடு, பிள்ளை. அவரிட்டை ஒரு ஃபோர்ம் குடு. அப்பத்தான் எழுதுவார்.”