அடுத்த கிராபிக்ஸ் வரும்வரை

எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் வாங்கமாட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உண்மை என்னவென்றால், எனக்கு வாங்குவதைவிட விசாரிப்பதில்தான் ருசி அதிகம். நான் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறிய கடைகள் விழுப்புரத்தில் ஏராளம். (சில கடைகளில் என்னைக் கண்டதும் முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.)

என் மகள் கயல்விழி கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் வரைந்த கட்டடத்தை வெயிலும் நிழலுமாகப் படமாக்கும் வேலைக்கு 'ரெண்டர் போடுறது' என்று பெயர். வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் அதைக் காலையில் தொடங்கினால், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு மாலையில் திரும்பும்போது பாதியில் நிற்கும். எனவே சனிக்கிழமைதோறும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி, தோழி ஷெரின் வீட்டு லேப்டாப்பில் வேலையை முடித்துக்கொண்டு வருவாள்.

நான் வாங்கித்தர மறுத்ததே இல்லை. "அடுத்த கிராபிக்ஸ் வரட்டும்" என்று மட்டும்தான் சொன்னேன். இன்னும் மூன்று மாதத்தில் புது கிராபிக்ஸ் கார்டு வருகிறது, இப்போது வாங்குகிறவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள் என்று ஒரு வீடியோவில் கண்ணாடி போட்ட தம்பி ஒருவர் எச்சரித்திருந்தார். அதுவும் வந்தது. வந்த வாரமே, அதற்கடுத்தது வரப்போவதாக அதே தம்பி எச்சரித்தார். சட்டையை மட்டும் மாற்றியிருந்தார்.

"இவரு காத்துக்கினு இருக்கறதப் பாத்தா, அவ கட்டப்போற வீடெல்லாம் இடிஞ்சே போயிடும்" என்றாள் என் மனைவி தேன்மொழி. அவள் செவிலியர். காலை ஷிப்டுக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுவாள் என்பதால், பதினேழு வருடமாக எங்கள் வீட்டில் காலைத் தோசை என் கைப்பக்குவம்.

நெருக்கடி ஒரு ஏப்ரல் மாதத்தில் வந்தது. கயல் ஒரு நூலகத்தை வடிவமைத்து, அதை வீடியோவாகத் திங்கட்கிழமைக்குள் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் அந்தப் பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும். ஷெரினுக்கும் அதே கெடு. ஒரே லேப்டாப்பில் இருவர் வேலையும் முடியுமா என்பது சந்தேகம்தான். சனிக்கிழமை காலை கயல் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ரஹீம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். வெயிலில் வந்த எங்களுக்கு முதலில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். (இந்த உபசாரத்துக்காக அவர் இன்றுவரை வருந்துகிறார்.)

"பாப்பா கேக்கற மாடல்ல இது ஒண்ணுதான் சார் இருக்கு. அடுத்தது பத்து நாள் ஆவும்."

"அடுத்த கிராபிக்ஸ் எப்ப வரும் பாய்?"

"வரும் சார். அது வந்தா அதுக்கடுத்தது வரும். நமக்கு வேலை எப்ப வருதோ அப்ப வாங்கிடணும்."

"புதுசுல சூடு கம்மியாமே? இது எவ்ளோ சூடாவும்?"

"அப்பா," கயல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும்பா. பில்லு போடச் சொல்லு."

"இரும்மா. தெரிஞ்சிக்கினு வாங்கலாம்."

பாய் சலிக்காமல் ஒரு கார் பந்தய விளையாட்டை ஓடவிட்டார். கால் மணி நேரத்தில் உள்ளே விசிறி இரைந்தது. விசைப்பலகைக்கு மேலே இருந்த உலோகப் பட்டையருகே புறங்கையைக் கொண்டுபோனேன். அனல் வந்தது. எவ்வளவு அனல்? இயற்பியல் ஆசிரியனான எனக்கு உலகத்தில் வெப்பமானி என்று ஒன்று இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இடது கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. வலது கை, யாரையும் கேட்காமல், டம்ளருக்குள் விரல்களை நனைத்து லேப்டாப்பின்மேல் தெளித்தது.

அதோடு விட்டேனா? 'சொய்ங்' சத்தம் வருகிறதா என்று காதையும் சாய்த்தேன்.

சத்தம் வரவில்லை. திரை ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு இருண்டது.

"சார்! இன்னா சார் பண்ணீங்க?" பாய் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கி, லேப்டாப்பைக் கூடாரம்போலக் கவிழ்த்தார்.

"சூடு... பாத்தேன்."

சார்ஜர் வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்: "கல்லு காயலீங்களா?"

கயல் கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இப்ப வாங்கலாமாப்பா? இல்ல, வெயிட் பண்ணலாமா?"

அதை நான்தான் எடுத்துக்கொள்வேன் என்று பாயிடம் சொன்னேன். "மூணு நாள் தொடவே கூடாது சார். காயட்டும். தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். டம்ளரை மட்டும் உடனே வாங்கிக்கொண்டார்.

இனி திண்டிவனம்தான் கதி. நானும் கூடவே பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் கயல், "ஏம்ப்பா அப்படிப் பண்ண?" என்றாள். அதட்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

"தெரியலம்மா. கை தானா போயிடுச்சி."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று பதறி எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். இப்போதும் எந்த லேப்டாப்பின் திரை தானாக அணைந்தாலும் என் கை ஈரமா என்று பார்த்துக்கொள்வேன்.

ஷெரின் வீட்டுக் கூடத்தில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ஷெரினின் அம்மா ஜெசிந்தா சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

"ஆன்ட்டி! அப்பா கையில குடுக்காதீங்க!" கயல் குறுக்கே பாய்ந்தாள்.

காரணம் கேட்ட ஜெசிந்தா சிரிக்கவில்லை. பதற்றத்தோடு லேப்டாப்பை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அண்ணே, நீங்க வெளிய காத்தாட உக்காருங்களேன்" என்று வாசல் கேட்டுக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். தண்ணீரை அங்கேதான் குடித்தேன்.

ஞாயிறு மாலை ஷெரின் தன் வேலையை முடித்து லேப்டாப்பைக் கொடுத்தாள். மீதியிருந்த நேரம் போதாது என்பதால், வீடியோவிலிருந்து மரங்களையும் மனிதர்களையும் நீக்கிவிட்டு, கெடு முடிவதற்குச் சற்று முன் கயல் நூலகத்தை அனுப்பிவைத்தாள். "இந்த நூலகத்துக்கு ஏன் ஒருத்தர்கூட வரலை?" என்று ஆசிரியை கேட்டாராம். ஆனாலும் பாஸ்.

பாய் வீட்டு மின்விசிறிக்கு அடியில் காய்ந்த லேப்டாப் நான்காம் நாள் உயிர்பெற்றது. அதைத்தான் வாங்கினோம். இன்றும் ஓடுகிறது. அதன்பிறகு எத்தனை கிராபிக்ஸ் வந்தது என்று நான் விசாரிப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஷெரின் வீட்டுக்குக் குடும்பத்தோடு போவது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வரும். எனக்கு மட்டும் ஸ்ட்ரா குத்திய மாம்பழ ஜூஸ் டப்பா. தேன்மொழி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

போன முறை ஷெரினின் அக்கா மகள், நாலு வயது, அதேபோல் ஒரு டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் டப்பாவைப் பார்த்தாள். தன் டப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களும் கொட்டிடுவீங்களா தாத்தா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.