தலையணைக்கு அடியில் ஓர் அழைப்பு

இந்த ஒரு காரியத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் எனக்கு இரவுக் காவல். திருடனுக்கல்ல, வெப்பமானி முள்ளுக்கு. அது ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் இமைக்குள்ளும் முள் ஏறும். மீன்கள் உருகி, ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குள் நீந்தி வரும். நாலு மாதமாகத் தூக்கமில்லை. போன வாரம் முள்ளுக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்தேன். இன்னொரு தடவை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

இதற்கு முன்பே போய்ப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதவில்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற பேச்சு சிகிச்சையாம், சிபிடி என்றார். படிவம் கொடுத்துப் பதினோரு வாரம் காத்திருந்தேன். முறை வரும் நாளில் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். தூக்கமே வராதவன் எடுக்காமலா இருப்பான்?

அந்த நாளும் வந்தது. செல்போனைத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

"அது எதுக்கு அங்க?"

"பல் டாக்டர் கூப்பிடுவார்."

"எந்தப் பல்லு?"

"கடைவாய்ப் பல்லு."

"அதைத்தான் போன வருஷமே பிடுங்கியாச்சே!"

"இது அதுக்கு எதிர்ல இருக்கறது."

"துணை போன துக்கத்துல அழுவுதாக்கும்," என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனாள்.

வெளிச்சம் பால் கலந்த தண்ணீராய்க் கசிந்தது. மீன்கள் வந்தன. இன்று ஒன்றும் உருகவில்லை. ஒரு மீன் என் காதோரம் மணியடித்தது. என்ன இனிமை! அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டேன்.

விழித்தபோது மணி நாலு. தலையணைக்கு அடியில் வெறும் மெத்தை.

"ஐயோ! கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. நீங்க தூங்கறீங்கன்னேன். 'நிஜமாவா?'ன்னு அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாங்க."

"என் பேரு வாலுக்குப் போயிருக்குமே!"

"போகலை. எழுப்ப வேணாம், அஞ்சு மணிக்குக் கூப்பிடுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். எனக்காகச் சரின்னாங்க."

"உனக்காகவா? அவங்களை உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா அவங்ககிட்டதான் போறேன். நீங்க தூங்கலையேன்னு நானும் தூங்காம கெடந்தேனே, அதுக்கு. உங்களுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டேன்."

"உங்களுக்கும் இப்படித்தான் வீட்டுப்பாடம் தருவாங்க, பாத்து வச்சுக்குங்க," என்று ஒரு நோட்டை நீட்டினாள்.

எண்ணம்: 'இந்த மனுஷன் திருந்தவே மாட்டார்.' ஆதரவான சான்று: மூன்று பக்கம், பொடி எழுத்தில். எதிரான சான்று: 'தேடிக்கொண்டிருக்கிறேன்.'