ஒன்பது வெள்ளிக்கிழமைக் கால்சியம்

படித்த படிப்பை வீட்டில் காட்டக் கூடாது. காட்டித்தான் தீருவேன் என்றால், பெண் பார்க்க வருகிற நாளிலாவது காட்டக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு ராஜா அண்ணாமலைபுரத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனாக்கும்!)

மாமனாருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. கடையைவிடக் கொல்லையில் நின்ற பங்கனப்பள்ளி மாமரத்தின் மேல்தான் அவருக்குப் பெருமை. ஆனால் பாதிப் பழம் வைக்கோலில் இருக்கும்போதே கொழகொழத்து அழுகிவிடும். அந்த வருஷம் மே மாதம் நாத்தனார் செல்வியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அவள் தலையணைக்கடியில் வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். வருகிறவர்களுக்கு நம் மரத்துப் பழம்தான் என்று மாமா சொல்லிவிட்டார்.

பறிப்பதற்கு முன் காய்கள்மேல் கால்சியம் கரைசல் தெளித்தால் பழம் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் அழுகாது என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு தடவை போதும் என்றும் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை. செல்விக்கு இந்த இடம் கூடிவர வேண்டுமென்று ஒன்பது வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளிதோறும் தலைகுளித்து, விளக்கேற்றி, புதிதாக வாங்கிய கைப்பம்பில் கால்சியம் குளோரைடைக் கரைத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறிவிடுவேன்.

"இன்னாம்மா, வாராவாரம் மரத்தைக் குளிப்பாட்டிக்கினு கீற? இன்னா வேண்டுதல்?" என்றார் தோட்டக்காரர் முனுசாமி.

"வேண்டுதல் பாதி, விஞ்ஞானம் பாதி," என்றேன் பெருமையாக.

விஞ்ஞானப் பாதி முதலில் பலித்தது. வைக்கோலில் வைத்த ஒரு பழம்கூட அழுகவில்லை. ஒன்றுகூடப் பழுக்கவும் இல்லை. தோல் மட்டும் ஒப்புக்கு மஞ்சள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு அடுக்களையில் நறுக்கினேன். விறகு பிளக்கிற சத்தம் வந்தது.

"மதினி, வேண்டாம்," என்றாள் செல்வி, கண் கலங்கி. அதற்குள் மாமா வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நம்ம மரத்துப் பழம். கூச்சப்படாம எடுத்துக்கிடுங்க!"

மாப்பிள்ளையின் அப்பா எடுத்தார், கடித்தார். பழத்துண்டை வாயிலிருந்து இழுத்தபோது மேல்வரிசைப் பல்செட்டும் கூடவே வந்தது.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. போச்சு, மூன்றாவது இடம் என்னால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே! வாய் தானாகத் திறந்தது.

"கால்சியம்... பல்லுக்கு ரொம்ப நல்லதுங்க."

கதவுக்குப் பின்னால், தலைகுனிந்து நிற்க வேண்டிய செல்வி களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தாள். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய அப்பா நிதானமாகப் பல்செட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பொண்ணோட சிரிப்பைக் கேட்டாச்சு. முகத்தையும் பார்த்திருவோம், வரச் சொல்லுங்க."

நிச்சயம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பழங்கள் பழுத்தன. அத்தனையும் தேன்! (இதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.) இன்றும் மாம்பழக் காலத்தில் செல்வி வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் தட்டில் பழம் வரும். எனக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பாக்குவெட்டியும் வரும்.