குழாய்வழிப் புகார்

சமையலறை ஜன்னலை ஒட்டி இறங்கும் தண்ணீர்க் குழாய், அன்றும் சரியாக ஏழே காலுக்கு 'டங் டங்' என்று அதிர ஆரம்பித்தது. சந்தானம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் என்ன, அடிக்கிறவர் கீழ் வீட்டில் அல்லவா இருக்கிறார். உள்ளறையில் மாதங்கி ஒன்றும் அறியாமல் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வங்காளத்துக்கு வந்து டாலிகஞ்சில் குடியேறி மூன்று மாதம். முதலில் யாரோ வேண்டாவெறுப்பாகத் தட்டுவதுபோல் இருந்தது. வாரத்துக்கு வாரம் அடி பலமானது. கீழ் வீட்டுக்காரருக்குக் கோபம் முற்றிக்கொண்டே போகிறது என்று சந்தானம் முடிவு கட்டினார்.

நேரில் போய்ப் பேசலாம் என்றால், கீழ் வீட்டுக் கதவில் 'அட்வகேட்' என்று பித்தளைப் பலகை மின்னுகிறது. வக்கீலிடம் வாயைக் கொடுத்துவிட்டு நோட்டீஸ் வாங்க அவருக்கென்ன தலையெழுத்தா? அந்தத் தளத்தைத் தாண்டும்வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மனைவியிடமும் சொல்லவில்லை. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்கு அவருக்கு மாற்றல் வந்தபோது, திருச்சியில் பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட பேண்டு நடத்திய வேலையை முணுமுணுக்காமல் விட்டுவிட்டு வந்தவள் மாதங்கி. "டிரம்ஸ் மட்டும் கூட வரணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். இப்போது விஷயத்தைச் சொன்னால் அன்றைக்கே குச்சிகளைப் பரணில் போட்டுவிடுவாள். அதைப் பார்க்க அவருக்கு மனசு இல்லை.

முதலில் ஒரு கம்பளி வாங்கி வந்தார்.

"இதைப் பெரிய டிரம்முக்குள்ள திணிச்சா சத்தம் கச்சிதமா இருக்குமாம்" என்றார்.

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல."

மறுநாள் குழாய் இன்னும் ஓங்கி அதிர்ந்தது. சந்தானம் சனிக்கிழமை மெட்ரோ ஏறி தர்மதலாவுக்குப் போனார். வாத்தியக் கடைக்காரர் இரண்டு எலக்ட்ரானிக் டிரம்ஸைக் காட்டினார்.

"தாதா, இது வலைத்தோல். விலை கொஞ்சம் கூட. தட்டினா சத்தமே வராது. அது ரப்பர், விலை கம்மி. ரெண்டுக்கும் ஹெட்போன் உண்டு."

"ரப்பர்ல சத்தம் வருமா?"

"ஏதோ கொஞ்சம் வரும்."

கொஞ்சம்தானே என்று சந்தானம் ரப்பரை வாங்கினார். பழைய டிரம்ஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை ஆட்களே வந்து எடுத்துக்கொள்வதாகவும் பேச்சு.

"இருநூறு வாத்தியம் இதுக்குள்ள இருக்காம், மாதங்கி! தபலாகூட இருக்கு!"

மாதங்கி ஹெட்போனை மாட்டி வாசித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவர் கிண்டும் உப்புமாவுக்கும் அவள் இதையேதான் சொல்வாள்.

கேட்டதெல்லாம் ரப்பரில் 'தொப் தொப்'. ஒரு வீட்டில் தினம் கேட்கும் சத்தம் நின்றுபோனால் அந்த இடம் இத்தனை வெறிச்சென்று ஆகும் என்று சந்தானம் நினைக்கவில்லை. குழாய் மட்டும் ஓயவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அது கால் பெடல், தாதா. அதிர்வு தரை வழியா இறங்கும். ரெண்டு பிளைவுட் பலகைக்கு நடுவுல டென்னிஸ் பந்துகளை வெச்சு, அதுமேல டிரம்ஸை வைங்க."

இருபத்துநான்கு பந்து வாங்கினார். அவற்றில் பாதி அன்று ராத்திரி கட்டிலுக்கடியில் உருண்டோடின. மறுநாள் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துப் பலகைகளுக்கு நடுவில் வைத்தார். இப்போது சத்தம் சுத்தமாக இல்லை. சந்தானம் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் குழாய் அமைதியாக இருந்தது. பிறகு, அதுவரை இல்லாத ஆவேசத்துடன் அடி விழுந்தது. நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மாதங்கி பெரிய டிரம்மை முந்தானையால் துடைத்தாள்.

"உங்களுக்கு இத்தனை நாள் இடைஞ்சலா இருந்திருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

சந்தானம் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கா? நீ வாசிக்கிறது கேட்டாத்தான் எனக்கு இது நம்ம வீடு. கீழ் வீட்டு வக்கீல் தினமும் குழாயில அடிக்கிறாரும்மா. உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு சொல்லல."

"அடிக்கிறாரா? எப்படி அடிக்கிறார், தட்டிக் காட்டுங்க."

கச்சேரியில் எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு தட்டுகிற ஆள் சந்தானம். நினைவில் இருந்ததைக் கதவில் தட்டிக் காட்டினார். முன்னுக்குப் பின் முரணாக ஏழெட்டு அடி விழுந்தது.

"பாவம், நிஜமாவே கோபம்தான். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் மாதங்கி.

ஆட்கள் பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழ் வீட்டு வாசலை நெருங்கும்போது கதவு திறந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள் உடுத்தும் வெள்ளைப் புடவையில் ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் சில்வர் ஸ்பூனுடன் படியை மறித்து நின்றாள்.

சந்தானம் கும்பிட்டே விட்டார். தனக்குத் தெரிந்த இந்தியில், "மன்னிச்சிடுங்க, இனிமே இந்தச் சத்தம் வரவே வராது" என்றார்.

அவள் டிரம்மைப் பார்த்தாள். மேல்படியில் நின்ற மாதங்கியைப் பார்த்தாள். இந்தியும் வங்காளமும் கலந்து படபடவென்று பேசினாள்.

"பக்கவாதத்துல ஆறு மாசம் அசையாம கிடந்த வலது கையால இந்த ஸ்பூனைத் தூக்கி, எங்க வக்கீல் பாபு தினமும் உங்ககூடத்தான் சேர்ந்து வாசிச்சுக்கிட்டிருந்தாரு, தீதி, முதல்ல அதை மேல கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்க!"